நோன்பு மாத வியாபாரமும் பணியாளரின் தூக்கமும்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ரமலானின் கடைசி 10 இரவுகளும் உறக்கமற்றவை. தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் கூட்டம் நேராக ஜவுளிக்கடைகளுக்குள் நுழையும். இஃதிகாஃப் இருக்க வேண்டிய இரவுகளைக் கைலிக்கும் சுடிதாருக்கும் விலை பேசிக் கழிக்கிறோமே என்று இமாம் ஆண்டுதோறும் பயானில் கடிந்துகொள்வார். கடைக்காரர்களாகிய நாங்களும் முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டிவிட்டு, நேரே கடை திறக்கப் போவோம்.

அத்தா தொடங்கிய கடையை அண்ணன் தம்பிகள் மூவரும் சேர்ந்து நடத்தி வருகிறோம். பணியாளர்கள் 14 பேர். அவர்களில் 6 பேர் பெண்கள். பாதிக்கு மேற்பட்டோர் நம் சமுதாயத்தைச் சேராதவர்கள். கல்லாவுக்கு மேலே அத்தா ஒரு சட்டகம் மாட்டியிருந்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். அவர்களால் இயலாததைச் சுமத்தாதீர்கள். சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி அது. அதன் கீழே அமர்ந்துதான் 20 ஆண்டுகளாகப் பணம் எண்ணினோம்.

2023ஆம் ஆண்டு ரமலானின் 25ஆம் இரவு. கடையை அடைக்கும்போது மணி 1.45. கைலிப் பிரிவில் நின்ற இளைஞர் ஒருவர், விரித்த துணிகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, 9 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தம் ஊருக்கு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டார். வாய்க்கால் மதகருகே வண்டி நேராகச் சென்று கைப்பிடிச் சுவரில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. நெற்றியில் தையல் போட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

விடியற்காலை மருத்துவமனைக்கு ஓடிய எங்கள் வாயிலிருந்து முதலில் வந்த கேள்வியை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "ஏன்டா இவ்வளவு வேகமாப் போனே?" என்றுதான் கேட்டோம். அவர் பதில் சொன்னார்: "வேகமாப் போகல பாய். தூங்கினதே தெரியல. கண்ணை மூடித் திறந்தேன், மதகு முன்னால நின்னுச்சு."

அவருடைய தாயார் கட்டிலருகே தரையில் அமர்ந்திருந்தார். மருத்துவச் செலவு முழுவதும் எங்களுடையது, குணமாகும்வரை சம்பளமும் வந்துவிடும் என்று அண்ணன் அவரிடம் சொன்னார். அந்த அம்மா தலையசைத்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் ஒன்றே ஒன்று கேட்டார்: "நேத்து எத்தனை மணிக்குப் பாய் விட்டீங்க?"

எங்கள் மூவரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

வீடு திரும்பியதும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதற்கு முந்தைய இரவும் கடை 1 மணிக்குத்தான் அடைத்தது. அவர் வீடு போய்ப் படுக்கையில் 2 மணி. ஸஹருக்கு 4 மணிக்கு எழுந்தார். பஜ்ர் தொழுதுவிட்டு 5.30க்குக் கண்ணயர்ந்து, வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்க 7.30க்கு எழுந்துவிட்டார். 9.30க்குக் கடைக்கு வந்தார். மதகில் மோதியபோது மணி 2.15. இரண்டு துண்டாகத் தூங்கிய 4 மணி நேர உறக்கத்தின் மேல் ஏறத்தாழ 19 மணி நேரம் விழித்திருந்திருக்கிறார். ஒரு நாள் மட்டுமன்று, ஒரு வாரமாகவே அப்படித்தான்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே வாகனம் ஓட்டுவது குற்றம். மதுவைக் கையால் தொடாத ஒரு பிள்ளையை, நோன்பு மாதத்தில், குடித்தவனுக்கு ஒப்பான நிலையில் நாங்கள் சாலைக்கு அனுப்பியிருக்கிறோம். மறுநாள் அண்ணன் இதைப் படித்துக் காட்டியபோது வீட்டில் யாரும் பேசவில்லை.

அந்த வாரம் எங்கள் நினைவில் திரும்பத் திரும்ப வந்தது பிலால் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி. கைபரிலிருந்து திரும்பும் வழியில், இரவுப் பயணத்தால் களைத்த நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் ஓரிடத்தில் இறங்கி உறங்கினார்கள். விழித்திருந்து பஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பு பிலாலிடம் தரப்பட்டது. அவரும் இயன்றவரை நின்று தொழுதார். வைகறை நெருங்கும் வேளையில் கிழக்கைப் பார்த்தவாறு தம் ஒட்டகத்தில் சாய்ந்தார். அவ்வளவுதான். வெயில் சுட்ட பிறகே எல்லோரும் விழித்தார்கள். முதலில் எழுந்த நபியவர்கள் பிலாலை அழைத்தபோது, உங்களைப் பிடித்ததே என்னையும் பிடித்துக்கொண்டது என்ற பொருளில் அவர் விடையளித்தார். நபியவர்கள் கடிந்துகொள்ளவில்லை. அவ்விடத்தைவிட்டுச் சற்று நகர்ந்து தொழுகையை நிறைவேற்றினார்கள் என்று முஸ்லிம் நூல் பதிவு செய்கிறது.

தொழுகைக்கு அழைப்பதையே வாழ்வாகக் கொண்டவரைத் தூக்கம் வென்றது. அது அக்கறையின்மையன்று, உடல். பகலெல்லாம் நடந்த உடல் விடியலுக்கு முந்தைய அந்த நேரத்தில் சாய இடம் கிடைத்தால் சாய்ந்துவிடும். எங்கள் இளைஞருக்குச் சாய்வதற்கு மதகுதான் கிடைத்தது. இந்நிகழ்ச்சியைச் சிறுவயதிலிருந்து கேட்டும், "கவனமில்லாதவன்" என்று பணியாளரைத் திட்டுவதை நாங்கள் விட்டதில்லை.

நாங்கள் கொடியவர்கள் என்று அதுவரை எங்களை நினைத்ததும் இல்லை. பெருநாள் வியாபார நாள்களில் இரட்டைச் சம்பளம் கொடுத்தோம். இரவு பேட்டா கொடுத்தோம். 27ஆம் இரவில் எல்லோருக்கும் பிரியாணி உண்டு. பணம் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பதே எங்கள் புரிதல். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது அதன் அளவு. கூடுதல் வேலை சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54ஐத் தாண்டக் கூடாது. அந்தக் கூடுதல் நேரத்துக்குத்தான் இரட்டைக் கூலி. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். இரட்டைக் கூலிப் பகுதியை மட்டும் நாங்கள் நினைவில் வைத்திருந்தோம். உச்சவரம்பை வசதியாக மறந்திருந்தோம். காலை 9.30 முதல் இரவு 1.45 வரை 16 மணி நேரத்துக்கும் மேல். அதை எந்தக் கூலியாலும் ஈடுகட்ட முடியாது; தூக்கத்தைப் பணமாக வாங்கி மறுவாரம் தூங்கிக்கொள்ள வழியில்லை.

அடுத்த ரமலானுக்கு 2 மாதங்கள் இருக்கும்போது கடைசித் தம்பி ஒரு வேலை செய்தான். பில் போடும் கணினியிலிருந்து முந்தைய நோன்பு மாத ரசீதுகளை மணிவாரியாகப் பிரித்து எடுத்தான். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எங்கள் அறியாமையின் அளவு தெரிந்தது. நோன்பு மாதத்தில் பகல் 2 மணி முதல் 5 மணி வரை கடையில் ஈ ஓட்டியிருக்கிறோம். மாலை 5 மணிக்குமேல் சிறிது நடமாட்டம், இஃப்தார் வேளையில் ஒன்றுமில்லை, இரவு 9.30க்கு மேல்தான் வெள்ளம். ஆனால் 14 பேரும் காலை முதலே நின்றுகொண்டிருந்தார்கள். வேலையில்லாத பகலில் அவர்களை நிறுத்திவைத்துக் களைக்கச் செய்துவிட்டு, வேலை குவியும் இரவில் களைத்தவர்களைக் கொண்டு வியாபாரம் செய்திருக்கிறோம். இரவு 11 மணிக்குமேல் அளவு மாற்றிக் கொடுத்ததும், பில்லில் ஒரு சைபர் குறைந்ததும், வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்ததும் எதனால் என்று அப்போதுதான் விளங்கியது.

எனவே இரண்டு அணிகள் வகுத்தோம். முதல் அணி காலை 10 முதல் மாலை 6 வரை. இரண்டாம் அணி மாலை 4 முதல் நள்ளிரவு 12 வரை. நள்ளிரவுக்குமேல் கடை இல்லை. இரவு நெருக்கடிக்கு மட்டும், மாலை நேரத்தில் வரக்கூடிய கல்லூரி மாணவர்கள் 4 பேரைக் கடைசி 15 நாள்களுக்குச் சேர்த்துக்கொண்டோம். தாளில் பார்க்க அழகாக இருந்தது.

முதல் வாரத்திலேயே குழப்பம் வெடித்தது. எங்கள் கடையில் விற்பனைக்குச் சிறு கமிஷன் உண்டு. வியாபாரம் இரவில்தானே நடக்கிறது? பகல் அணிக்குக் கமிஷன் விழவில்லை. அத்தா காலத்திலிருந்து பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கும் மூத்த பணியாளர் ஒருவர், நாங்கள் 'அண்ணே' என்று அழைத்து வளர்ந்தவர், கல்லாவுக்கு வந்து நின்றார். "எனக்கு வயசாயிடுச்சுன்னு பகல்ல போட்டுட்டீங்களா தம்பி? பேத்தி படிப்புக்கு இந்த மாசத்தைத்தான் நம்பியிருந்தேன்" என்றார். அவருக்கு இரக்கம் காட்டுவதாக எண்ணித்தான் பகல் அணியில் போட்டிருந்தோம். அவரைக் கேட்கவில்லை.

அன்றிரவே 14 பேரையும் உட்கார வைத்துப் பேசினோம். அட்டவணையை முதலாளி மட்டும் எழுதினால் அது சரிவராது என்பது அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கமிஷன் முழுவதையும் ஒரே தொகையாகச் சேர்த்து, வேலை செய்த மணி நேரத்துக்கு ஏற்பப் பிரிப்பது என்று முடிவாயிற்று. கடைசிப் பேருந்து 8.40க்கு என்பதால் அடுத்த ஊரிலிருந்து வரும் பெண்கள் 3 பேர் பகல் அணியிலேயே இருக்க விரும்பினார்கள். மற்றவர்கள் வாரம் ஒருமுறை அணி மாறுவார்கள். அதிலும் ஒரு விதி உண்டு: பகலிலிருந்து இரவுக்கு மாறுவது எளிது, இரவிலிருந்து பகலுக்கு மாறுபவர் இடையில் தம் வார விடுமுறையை எடுத்தாக வேண்டும். இரவு கடை அடைத்தவர் மறுநாள் காலை கடை திறக்க வரக் கூடாது. ஐரோப்பிய நாடுகளின் தொழிலாளர் விதியில், ஒரு நாள் வேலை முடிவதற்கும் அடுத்த நாள் வேலை தொடங்குவதற்கும் இடையே 11 மணி நேரம் கட்டாய ஓய்வு உண்டு என்று தம்பி படித்திருந்தான். அதையே நாங்களும் எடுத்துக்கொண்டோம். அட்டவணை 15 நாள்களுக்கு முன்பே ஒட்டப்படும். முன்பெல்லாம், நாளை லீவா இல்லையா என்பதை முந்தைய இரவு கடை அடைக்கும்போதுதான் சொல்வோம். எப்போது ஓய்வு என்று தெரியாமல் இருப்பதே ஒரு களைப்பு என்று பில் போடும் பெண் சொன்னார்.

தொழுகை நேரமும் இஃப்தார் நேரமும் தனிச் சிக்கல்கள். பாங்கு சொன்னதும் ஆண்கள் அனைவரும் ஒரே நேரத்தில் பள்ளிக்குக் கிளம்ப, மற்றவர்கள் கூட்டத்தில் திண்டாடுவது வழக்கமாக இருந்தது. போர்க்களத் தொழுகையைப் பற்றிய அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் எங்களுக்கு வழிகாட்டிற்று. எதிரியின் முன்னிலையிலும் தொழுகை விடப்படவில்லை, காவலும் விடப்படவில்லை. ஒரு பிரிவு தொழ, மறு பிரிவு காவல் நிற்க, பின் மாறிக்கொள்ள அல்லாஹ் கற்றுக்கொடுக்கிறான். அம்புகளுக்கு நடுவே முறை வைத்து மாற முடிந்ததென்றால் கைலிக் கட்டுகளுக்கு நடுவே முடியாதா? இஷாவுக்கு இரண்டு குழுக்களாகப் போகிறோம். பக்கத்துச் சந்தில் தராவீஹின் ஜமாஅத் சற்றுத் தாமதமாகத் தொடங்குவது இதற்கு வசதியாக அமைந்தது.

இஃப்தார் வேளையில் நோன்பாளிகள் அனைவரும் ஒன்றாகப் பின்கட்டில் அமர்ந்து கஞ்சி குடிக்க வேண்டும் என்பதில் அத்தா காலத்திலிருந்தே மாற்றமில்லை. அந்த அரை மணி நேரம் கடையை இந்துச் சகோதரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு அதற்குப் பதிலாக நாங்கள் நிற்கிறோம். அவர்களை மாலை 6 மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். முன்பு அந்த இரவிலும் 11 மணி வரை நிறுத்தி வைத்திருந்தோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இது பெருமையாகிவிடும்.

உட்காருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் பணியாளர் அமர்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்பது ஜவுளித் தொழிலில் எழுதப்படாத சட்டம். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு 2018இல் கேரளம் இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் நம் தமிழகமும் அவ்வாறே திருத்தம் கொண்டுவந்தது. நாங்களும் ஸ்டூல்கள் வாங்கினோம். ஆனால் வாங்கிய ஸ்டூல்களில் ஒருவரும் அமரவில்லை. முதலாளி பார்க்கும்போது உட்கார யாருக்குத் துணிவு வரும்?

பள்ளிவாசலில் இரண்டு தூண்களுக்கிடையே கட்டியிருந்த கயிற்றை நபி (ஸல்) அவர்கள் கண்டு இது என்ன என்று கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழுது களைப்படையும்போது பிடித்துக்கொள்வதற்காகக் கட்டியது என்றார்கள். அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நபியவர்கள். உற்சாகமாக இருக்கும்வரை தொழட்டும், களைத்தால் அமரட்டும் என்பதே அவர்கள் இட்ட கட்டளை. அனஸ் (ரலி) அறிவிப்பாக இது புகாரியில் உள்ளது. வணக்கத்துக்கே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றால், சுடிதார் விற்பதற்கா நிற்க வேண்டும்? இதை ஒரு மாலை அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், கல்லாவிலிருந்த தம் நாற்காலியை எடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க நின்றார். மாலையில் அவர் கால் வீங்கியிருந்தது. மறுநாள் காலை அவரே ஒவ்வொரு ஸ்டூலாக இழுத்துப் போட்டு, "உட்காரும்மா, உட்காருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

மாடியில் சரக்கு வைத்திருந்த அறையைக் காலி செய்து பாய் விரித்தோம். பகலில் 20 நிமிடம் கண்ணயர யாரும் போகலாம். கைலூலா எனும் அந்த நண்பகல் சிறுதுயில் நம் மார்க்கத்தில் பழக்கமானதுதான். அரை மணி நேரத்தைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய், எழும்போது தலை கனக்கும் என்பதால் 20 நிமிடம் என்று வைத்தோம். நள்ளிரவில் முடிப்பவர்களில் தூரத்திலிருந்து வருபவர்கள் தனியாக வண்டி ஓட்ட வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோ ஒன்றை மாதத்துக்குப் பேசி வைத்திருக்கிறோம்; தங்க விரும்புபவர் மாடியில் படுத்து ஸஹர் முடித்துப் போகலாம்.

செலவு கூடியது, மறைக்கவில்லை. மாணவர்களின் சம்பளம், ஆட்டோ வாடகை, நள்ளிரவுக்குமேல் எதிர்க்கடைக்குப் போன வாடிக்கையாளர்கள் எல்லாம் நட்டக் கணக்கில்தான் வரும். கடைசி 5 இரவுகளில் 12 மணிக்கு ஷட்டரை இறக்கும்போது எதிரில் விளக்கெரியக் கூட்டம் நிற்பதைப் பார்த்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்கிறது. கல்லாக் கணக்கில் துண்டு விழுவதும், மாற்றிக் கொடுத்த துணி திரும்பி வருவதும் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. அது அந்த நட்டத்தை ஈடுகட்டுகிறதா என்று கேட்டால், முழுவதும் இல்லை. ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்று வாயால் சொல்வது எளிது. 12 மணிக்கு ஷட்டரை இழுக்கும் கைக்கு அதை நம்பக் கற்றுக்கொடுப்பது கடினமாக இருக்கிறது.

அந்த இளைஞர் 4 மாதம் கழித்து வேலைக்கு வந்தார். வலது தோளை முழுதாகத் தூக்க முடியாது. மேல்தட்டுச் சரக்கை எடுக்க வேறொருவர் உதவுகிறார். அட்டவணை எழுதும் பொறுப்பு இப்போது அவரிடம் இருக்கிறது.

ஒன்று விட்டுப்போனது. இதையெல்லாம் செய்து முடித்த மகிழ்ச்சியில் ஒருநாள் ஸஹர் உணவின்போது வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம். 2.30க்கே எழுந்து சமைத்து, மூவருக்கும் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்கள்: "கடைக்கு ஆள் மாத்தி ஆள் போட்டுட்டீங்க. அடுப்படிக்கு யாரு வாப்பா மாத்து?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் இருவர் கரண்டியோடு அப்படியே நின்று எங்களைப் பார்த்தார்கள்.

மறு ரமலானிலிருந்து ஸஹர் சமையல் வாரத்தில் 3 நாள் ஆண்களுடையது. கடையில் ஒட்டிய அட்டவணையின் நகலொன்று அடுப்படிச் சுவரிலும் இருக்கிறது. முதல் நாள் சோறு குழைந்துவிட்டது. ஆணத்தில் உப்பு கூடிவிட்டது. அம்மா அன்று 3 மணிக்கே எழுந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். அடுத்த முறை எழவில்லை.